மணல் வீடு முதல் மைன்கிராப்ட் வரை

"எந்த நேரமும் போனும் கையும்தான்" என்ற முறைப்பாடு இன்று சொறிக்கல்முனையில் மட்டுமல்ல, சம்மாந்துறை, நாவிதன்வெளி, கல்முனை என்று எந்த ஊர் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போனாலும் கேட்கின்றது. தாய்மாரின் கவலை நியாயமானது. பணம் வைத்து ஆடும் விளையாட்டுக்களும், ஆளை ஆள் சுட்டு வீழ்த்தும் விளையாட்டுக்களும் அந்தப் போனில்தான் இருக்கின்றன. ஆனால் அதே போனில் வேறொரு வகை விளையாட்டும் உண்டு. அதில் யாரையும் வெல்ல வேண்டியதில்லை. வெறும் நிலம் ஒன்று தரப்படும். அதில் பிள்ளை வீடு கட்டும், வாய்க்கால் வெட்டும், மரம் நடும், ஓர் ஊரையே உருவாக்கும். இந்த இரண்டு வகையையும் ஒரே தடியால் அடிப்பது சரிதானா என்பதைச் சற்று சிந்திப்போம்.

சிற்றில் கட்டிய சிறுமியர்

மணலில் வீடு கட்டி விளையாடுவது எமக்குப் புதிய விடயமல்ல. பழைய தமிழில் இதற்குச் 'சிற்றில்' என்று பெயர். ஆண்பால் பிள்ளைத்தமிழ் நூல்களில் வரும் பத்துப் பருவங்களுள் சிற்றிலும் ஒன்று. தாங்கள் கட்டிய மணல் வீட்டைச் சிதைக்க வேண்டாம் என்று சிறுமியர், பாட்டுடைத் தலைவனாகிய ஆண் குழந்தையிடம் வேண்டுவதாக அப்பாடல்கள் அமையும். கட்டுபவர்கள் சிறுமியர், காலால் தட்டிவிடுபவன் சிறுவன்! நாமும் சிரட்டையில் மண்சோறு ஆக்கி, பூவரசம் இலையில் பரிமாறி விளையாடியவர்கள்தானே?

இன்றைய இந்த விளையாட்டுக்களுக்கும் 'சான்ட்பொக்ஸ்', அதாவது மணற்பெட்டி என்றே பெயர். மணற்பெட்டிக்குள் இறங்கிய பிள்ளைக்கு இதைத்தான் செய்ய வேண்டும் என்று யாரும் கட்டளையிடுவதில்லை. இவ்வகையில் மிகப் பிரபலமானது மைன்கிராப்ட். சுவீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பேர்சன் என்பவர் 2009 இல் இதனை வெளியிடத் தொடங்கினார். மண், கல், மரம் எல்லாம் இதில் சதுரக் கட்டைகளாக இருக்கும். அவற்றைப் பெயர்த்து அடுக்கி எதையும் கட்டலாம். 2023 ஆம் ஆண்டளவில் இதன் 30 கோடிப் பிரதிகள் விற்பனையாகியிருந்தன.

இதற்கு நெருங்கிய இன்னொரு வகையைக் 'கடவுள் விளையாட்டு' என்பார்கள். பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம். மேலிருந்து முழு ஊரையும் பார்த்து, நிலத்தை உயர்த்தி, தாழ்த்தி, மக்களின் வாழ்வை நடத்துவதால் வந்த பெயர் அது. 1989 இல் பீட்டர் மொலினியூ உருவாக்கிய 'பொப்புலஸ்' இவ்வகைக்கு வழிகாட்டியானது.

குண்டு போடுவதிலும் கட்டுவது இனிது

இந்த விளையாட்டுக்கள் பிறந்த கதையில் எமக்கு நெருக்கமான ஒரு செய்தி உள்ளது. அமெரிக்கரான வில் ரைட் 1984 இல் வெளியிட்ட முதல் விளையாட்டு, ஹெலிகொப்டரில் பறந்து தீவுகளின் மீது குண்டு போடுவதாகும். குண்டு போடுவதற்கென்று தீவுகளில் வீதிகளையும் கட்டடங்களையும் அவர் முதலில் அமைக்க வேண்டியிருந்தது. அப்போதுதான், அவற்றை அழிப்பதை விட அமைப்பதே தமக்கு அதிக மகிழ்ச்சி தருவதை அவர் உணர்ந்தார். அதிலிருந்து பிறந்ததே 1989 இல் வெளிவந்த 'சிம் சிற்றி' என்ற நகரம் கட்டும் விளையாட்டு. வெற்றி தோல்வி இல்லாத விளையாட்டை யார் வாங்குவார்கள் என்று வெளியீட்டாளர்கள் முதலில் தயங்கினார்கள்.

1991 இல் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் பகுதியில் மூண்ட பெருந்தீயில் வில் ரைட்டின் வீடு எரிந்துபோனது. எல்லாவற்றையும் இழந்த பின்னர் ஒரு குடும்பம் மீண்டும் வாழ என்னென்ன பொருட்கள் வேண்டும், எதை முதலில் வாங்க வேண்டும் என்று அவர் எண்ணிப் பார்க்க நேர்ந்தது. அந்த எண்ணமும் சேர்ந்தே 2000 ஆம் ஆண்டில் 'த சிம்ஸ்' ஆக வந்தது. வீடு கட்டி, தளபாடம் வைத்து, ஒரு குடும்பத்தை வாழ வைக்கும் விளையாட்டு அது. "இது பெண் பிள்ளைகளின் பொம்மை வீடு" என்று அவரது நிறுவனத்தினரே முதலில் அதை ஒதுக்கினார்கள். ஆனால் இரண்டே ஆண்டுகளில் அதுவரை வந்த கணினி விளையாட்டுக்கள் அனைத்திலும் அதிகம் விற்றது அதுவே. அதை விரும்பி விளையாடியவர்களில் பெண்கள் மிகப் பலர்.

முகாமில் கிடைத்த இரண்டு கோப்பையையும் ஒரு பாயையும் வைத்துக்கொண்டு வாழ்வை மீண்டும் தொடங்கியவர்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

மணல் தட்டில் ஓர் உலகம்

கட்டும் விளையாட்டு மனத்துக்கு மருந்தாகலாம் என்பதைப் போன் வருவதற்கு வெகுகாலம் முன்பே கண்டவர் மார்கரெட் லோவன்பெல்ட் என்ற பிரித்தானியப் பெண் வைத்தியர். முதலாம் உலகப் போரின் பின்னர் போலந்தில் பணியாற்றியபோது, போர் சிதைத்த மக்களை நேரில் கண்டவர் அவர். 1920களின் இறுதியில் இலண்டனில் சிறுவர்களுக்கான நிலையம் ஒன்றைத் தொடங்கி, மணல் நிரப்பிய தட்டுக்களையும் சிறு பொம்மைகளையும் அவர்கள் முன் வைத்தார். வாயால் சொல்ல முடியாததைப் பிள்ளைகள் மணலில் கட்டிக் காட்டினார்கள். தாங்கள் கட்டியதை 'உலகம்' என்று அவர்களே அழைத்தார்கள்.

எமது மட்டக்களப்பிலும் 1996 இல் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. கனேடியக் கலைஞரான போல் ஹோகனும், இயேசு சபைத் துறவியான போல் சற்குணநாயகம் அடிகளாரும் முன்னின்று நடத்திய அந்தப் பூங்காவுக்கு, யுத்தம் நடந்துகொண்டிருந்த வேளையிலேயே தமிழ்ச் சிறுவர்களும் முஸ்லிம் சிறுவர்களும் ஒன்றாக வந்தார்கள். களிமண்ணிலும் வர்ணத்திலும் கதையிலும் தங்கள் உலகங்களை அமைத்தார்கள்.

கடந்த ஆண்டு நான் சென்ற ஒரு வீட்டில், அண்ணன் வைத்துவிட்டுப் போன போனில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கட்டை அடுக்கி வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அவளது வீட்டுக்கு முன்கதவு ஒன்று, பின்கதவு இரண்டு. "ஏன் மகள் ரெண்டு பின்கதவு?" என்று கேட்டேன். "ஓடுறதுக்கு" என்றாள். அவள் யுத்தத்தைக் கண்டவள் அல்ல. தாயும் அம்மம்மாவும் சொல்லக் கேட்டவள். அருகில் நின்ற தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, 1990 இல் தாங்கள் ஓடிய கதையை எனக்கல்ல, தன் மகளுக்கு ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினார். போனைப் பறித்திருந்தால் அந்தப் பேச்சு நிகழ்ந்திருக்காது.

மேலிருந்து கட்டப்பட்ட ஊர்கள்

கடவுள் விளையாட்டில் ஒரு குறையும் உண்டு. அதிலுள்ள மக்கள் வாய் திறந்து மறுப்புச் சொல்வதில்லை. மேலிருந்து நினைத்த இடத்தில் வீட்டை வைக்கலாம், நினைத்தபோது எடுக்கலாம். விளையாட்டில் இது பாதகமில்லை. ஆனால் உண்மையான ஊர்களையும் இவ்வாறே அமைத்ததை நாம் கண்டிருக்கிறோம். 2004 டிசம்பர் 26 ஆம் திகதி சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் வடக்கு கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அறிவிக்கப்பட்டது. தற்காலிக முகாம்களில் மலசலகூடம் எங்கே இருக்க வேண்டும், வெளிச்சம் எங்கே வேண்டும் என்று பெண்களிடம் கேட்டவர்கள் குறைவு.

எமது கரையோரத்தில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் வீடு என்பது தாய் மகளுக்குக் கொடுக்கும் சொத்து. அப்படியிருந்தும் சுனாமிக்குப் பின் கட்டப்பட்ட வீடுகள் பல, 'குடும்பத் தலைவர்' என்ற பெயரில் ஆண்களுக்கு எழுதப்பட்டன. கட்டியவள் சிறுமி, தட்டியவன் சிறுவன் என்ற பழைய கதைதான் இங்கும்.

இதற்கு மாற்றான வழி உண்டு என்பதற்கும் இந்த விளையாட்டே சான்று தருகிறது. 2012 இல் ஐக்கிய நாடுகளின் குடியிருப்புத் திட்டமும் மைன்கிராப்ட் நிறுவனமும் இணைந்து ஒரு வேலைத்திட்டத்தைத் தொடங்கின. பூங்கா, சந்தை, வீதி போன்ற பொது இடங்களை அமைக்கும் முன், அங்கு வாழும் மக்களே மைன்கிராப்டில் அவற்றைக் கட்டிக் காட்டுவார்கள். கென்யாவின் நைரோபியிலுள்ள கிபேரா சேரிப்பகுதியில் இது ஆரம்பத்திலேயே நடத்தப்பட்டது. வியட்நாமின் ஹனோய் நகர்ப்புறத்தில், தாங்கள் பயமின்றி நடமாடக்கூடிய இடம் எப்படி இருக்க வேண்டும் என்பதை இளம் பெண்கள் இவ்வாறு கட்டிக் காட்டினார்கள். வரைபடம் வாசிக்கத் தெரியாதவரும் கட்டை அடுக்குவார் அல்லவா?

நாம் செய்யக்கூடியவை

பிள்ளையின் அருகில் அமர்ந்து, "இது என்ன? இங்கே யார் இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். குறை கூற வேண்டாம், கேட்டாலே போதும்.

நேரத்துக்கு எல்லை வையுங்கள். முன்பின் அறியாதவர்களுடன் சேர்ந்து விளையாடும் வசதியையும், பணம் கேட்கும் பகுதிகளையும் தவிர்க்கச் செய்யுங்கள். தனியாகவோ, தெரிந்த தோழிகளுடனோ கட்டினால் போதுமானது.

மகனுக்குப் போன் கிடைக்கும் நேரம் மகளுக்கும் கிடைக்கட்டும். அவன் முடித்து வைத்த மிச்சம் மட்டும் அவளுக்குப் போதாது.

போன் இல்லாத வீட்டில் ஒரு சுளகு மணல், களிமண், சிரட்டை, வெற்று நெருப்புப்பெட்டிகள் இருந்தாலே போதும். லோவன்பெல்ட் அம்மையாரிடமும் இவை போன்ற பொருட்கள்தான் இருந்தன.

பிள்ளை கட்டும் உலகத்தில் பயமும் இழப்பும் திரும்பத் திரும்ப வந்தால், உறக்கமும் உணவும் குறைந்தால், அதனை அலட்சியம் செய்யாமல் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையோ, வைத்தியசாலையின் உளநலப் பிரிவையோ நாடுங்கள்.

சகோதரிகளே, கட்டும் விளையாட்டு பிள்ளைகளுக்கு மட்டுமுரியதல்ல. மேசன் வந்து அத்திவாரம் வெட்டுவதற்கு முன், குசினி எந்தப் பக்கம், காற்று எப்படி வரும், கிணறு எங்கே, உறுதி யார் பெயரில் என்பதை மணலிலோ கடதாசியிலோ போனிலோ நாமே ஒருமுறை கட்டிப் பார்ப்போம். வீட்டுத்திட்டக் கூட்டம் கூடும்போது அந்தப் படத்தையும் கையில் கொண்டு செல்வோம்.