திமிசு படாத மண்

வீட்டைச் சுற்றிப் போட்ட சிமென்ட் தளம் சுவரைவிட்டு விலகி, விரல் நுழையும் அளவுக்குச் சந்து விழுந்திருக்கிறதாம். வீடே இறங்குகிறதோ என்று பதறி எழுதியிருக்கிறார் ஒரு வாசகர். பெரும்பாலும் இறங்குவது வீடல்ல, தளம்தான். சுவர், கெட்டி மண்வரை போன அஸ்திவாரத்தின்மேல் நிற்கிறது. தளமோ, வானம் தோண்டிய மண்ணையே திரும்பத் தள்ளி மூடிய இடத்தில் கிடக்கிறது.

கொட்டிய மண் அமுங்கும், சரி. ஆனால் சில கோடைகள் அசையாமல் இருந்துவிட்டு, ஓர் ஐப்பசி மழையில் சட்டென்று இறங்குவானேன்? எனக்குத் தீராத வியப்பு இதில்தான். சிறுவயதில் திருச்செந்தூர்க் கடற்கரையில் பாதத்தின்மேல் ஈரமணலைக் குவித்துத் தட்டி, காலை மெல்ல உருவுவோம். குகை நிற்கும், அலை ஏறினால் சரியும். நிறுத்தியதும் தண்ணீர், சரித்ததும் தண்ணீர்! மணல்துகள்களுக்கு நடுவே மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்வரை அதன் பரப்பு இழுவிசை அவற்றைப் பிடித்துவைக்கிறது. இடுக்கெல்லாம் நீர் நிறைந்ததும் பிடி விடுகிறது. அந்தப் பிடியே துகள்களை நெருங்கவிடாமல் உப்பவும் வைக்கிறது. 5 சதவீதம் ஈரம் இருந்தால் நுண்மணலின் கன அளவு கால் பங்குக்கு மேலும் கூடலாம். அந்த உப்பலை நம்பித்தான் மேலே கான்கிரீட் போடுகிறோம். பழைய கொத்தனார்கள் நிரப்பிய மணலில் தண்ணீர் கட்டி இறக்கியது இதற்காகத்தான்.

தளம் இறங்கினால் வாட்டம் திரும்பிவிடும். மழைநீர் சுவரை நோக்கி ஓடி, சந்து வழியே அஸ்திவாரத்துக்குள் போகும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலில் இது இன்னும் ஆபத்து: நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் அந்த மண் சுவரையே பிளக்கும். வேறு சிலருக்குத் தளம் அப்படியே இருக்க, அடியில் மண் மட்டும் இறங்கிப் பொந்தாகியிருக்கும். தட்டினால் 'டொப்'பென்று கேட்கும். அதன்மேல் காரை ஏற்றாதீர்கள்.

விரிசல்மேல் இன்னொரு பூச்சுப் பூசுவது வைத்தியமல்ல, பாரம்தான் கூடும். கசியும் குழாயையும், சுவரோரம் கொட்டும் மாடித் தண்ணீரையும் முதலில் பாருங்கள். மழைநீர் சேகரிப்பு 2003இல் கட்டாயமானது நல்ல காரியம். ஆனால் சட்டத்துக்குப் பயந்து அந்தக் குழியை அஸ்திவாரத்தை ஒட்டியே தோண்டுகிறவர்களை என்ன சொல்வது?

புதிதாகக் கட்டுகிறவர்கள் மண்ணை அரை அடி, அரை அடியாகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் இடித்து இறுக்கும்படி திமிசு போடச் சொல்லுங்கள். தளத்துக்கு அடிக்குக் கால் அங்குலம் வெளிவாட்டம் வேண்டும். கிரானைட் தேர்ந்தெடுக்கக் கடைகடையாக ஏறி இறங்குகிறோம். திமிசு போடும் அன்று பக்கத்தில் நிற்க மட்டும் நமக்கு நேரம் கிடைப்பதில்லை.