இருதயம் காத்த ரகசியம்

1988-ஆம் ஆண்டு ஜனவரி 5-ஆம் தேதி காலையில், அமெரிக்காவின் பாஸடீனா நகரத்துத் தேவாலயம் ஒன்றின் விளையாட்டுக் கூடத்தில், சிநேகிதர்களோடு பொழுதுபோக்காகக் கூடைப்பந்து ஆடிக்கொண்டிருந்த பீட் மாரவிச், இடைவேளையில் பேசி நின்றவர், நின்ற இடத்திலேயே சாய்ந்தார். பிறகு கண் விழிக்கவில்லை. அவருக்கு வயது 40. லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்துக்காக ஆடிய மூன்று பருவங்களில் ஆட்டத்துக்குச் சராசரி 44.2 புள்ளிகள் குவித்து, அதன்மேல் பத்து வருஷம் தொழில்முறைக் களங்களில் ஓடி உரமேறிய தேகம் அது.

பிரேதப் பரிசோதனையில்தான் காரணம் புலப்பட்டது. சர்வாங்கத்துக்கும் உதிரத்தை வாரி வழங்கும் இருதயம், தன் தசைக்கு வேண்டிய உதிரத்தை, மகாதமனியின் அடியில் கிளைக்கும், வைக்கோல் தாளின் பருமனே உள்ள இரண்டு குழாய்களின் வழியாகத்தான் பெறுகிறது. அவற்றுள் பெரும்பங்கு வேலை இடப்புறத்துக் குழாயினுடையது. மாரவிச்சுக்கு அந்த இடக்குழாய் பிறவியிலேயே இல்லை! வலக்குழாய் ஒன்றே அளவு மீறிப் பருத்து, இருவர் சுமையை ஒருவர் தாங்கியதுபோல, நாற்பது ஆண்டுகள் அந்த ஜீவனைக் காப்பாற்றி வந்திருக்கிறது. எத்தனை ஆயிரம் ஆட்டங்கள், எத்தனை லட்சம் துடிப்புகள் என்று எண்ணும்போது, அந்த ஒற்றைக் குழாயின்மேல் எனக்கு ஒருவிதப் பக்தியே உண்டாகிறது. ஆயினும், ஓய்வில் போதுமானது ஓட்டத்தில் போதாது. தசை கேட்கும் அளவுக்கு உதிரம் வந்து சேராத ஒரு கணத்தில் துடிப்பின் ஒழுங்கு குலைந்தால், அடுத்த கணம் நம் வசத்தில் இல்லை.

இதனினும் விந்தையானது, கீழறைகள் இரண்டும் இடம் மாறி அமைந்த இருதயம். நுரையீரலுக்கு மட்டும் மெல்ல உதிரம் தள்ளுவதற்கென்று ஏற்பட்ட வலக்கீழறை, தேகம் முழுவதற்கும் தள்ளும் பாரத்தைப் பிறந்த நாள் முதலாகச் சுமக்கிறது. வேறு குறை சேராவிட்டால் அந்தக் குழந்தை ஓடியாடி வளரும், கல்யாணமாகும், பிள்ளைகளும் பிறக்கும். நாற்பது ஐம்பது வயதில் கால் வீங்கி, மாடிப்படியில் மூச்சிரைத்து, நாடி மந்தமாகி வைத்தியரிடம் போகும்போதுதான், எக்கோ பரிசோதனையில் அந்த ரகசியம் வெளியாகும்.

இருதயத்தின் குழாய்களைச் சித்திரம்போல் காட்டும் ஸ்கேன் வசதி இன்று இருக்கிறது. ஆகவே, ஓட்டத்தின் நடுவே மயங்கி விழுந்த பிள்ளையை, "வெயில்தான், காலையில் சாப்பிடவில்லை" என்று சமாதானம் சொல்லி, முகத்தில் தண்ணீர் தெளித்து, மறுபடியும் மைதானத்துக்கு அனுப்பிவிடாதீர்கள். இருதய வைத்தியர் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரையில் அந்தப் பிள்ளை ஓட வேண்டாம்.