பழைய வேனின் கியர் பாக்ஸும் மலைப்பாதையின் வெப்பமும்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டை செல்லும் சாலையில் அமைந்துள்ள ஒரத்தநாடு, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜி (ஆட்சிக்காலம் 1798–1832) இராமேசுவர யாத்திரிகர்களுக்காக எழுப்பிய முக்தாம்பாள் சத்திரத்தால் பெயர்பெற்ற ஊராகும். அக்காலப் பயணிகள் நடந்தும் மாட்டு வண்டியிலும் சென்றனர்; இன்று இப்பகுதி மக்கள், அறுவடை முடிந்து கை ஓய்ந்த நாட்களில் குலதெய்வ வழிபாட்டுக்கும் அறுபடை வீடுகளுக்கும் சபரிமலைக்கும் கொடைக்கானலுக்கும் வேனில் செல்கின்றனர். அரிசி, பாத்திரம், அடுப்பு ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு வழியில் சமைத்து உண்டு, இரவில் வண்டியிலேயே கண்ணயரும் குடும்பங்களுக்கு அந்த வேன் சில நாட்களுக்கு வீடாகவே அமைகிறது. இவ்வகைப் பயணங்களில் ஓடும் வண்டிகள் பலவும் பழையவை. மெர்சிடிஸ் பென்ஸின் டி1 வேனை அடிப்படையாகக் கொண்டு பஜாஜ் டெம்போ நிறுவனம் 1987இல் அறிமுகப்படுத்திய டிராவலர் இவற்றுள் பரவலாக அறியப்பட்டது.

இத்தகைய வண்டிகளின் டேஷ்போர்டில் உள்ள வெப்பமானி, எஞ்சினைக் குளிர்விக்கும் ரேடியேட்டர் நீரின் வெப்பத்தை மட்டுமே காட்டுகிறது. எஞ்சினின் சுழற்சியைச் சாலையின் தேவைக்கேற்ப மாற்றிச் சக்கரங்களுக்கு அனுப்பும் கியர் பாக்ஸின் வெப்பத்தைக் காட்டும் கருவி பெரும்பாலும் இருப்பதில்லை. பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று உரசுவதாலும், கியர் ஆயிலைக் கலக்கிச் சுழல்வதாலும் உண்டாகும் வெப்பம், ஆயிலிலும் பெட்டியின் உலோகச் சுவரிலும் பரவி, வண்டி ஓடும்போது வீசும் காற்றில் கரைகிறது. காவிரி டெல்டாவின் சமவெளிச் சாலையில் இந்த வரவும் செலவும் ஈடாகிவிடுகின்றன. ஆனால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட கொல்லிமலைப் பாதையிலும், வத்தலகுண்டிலிருந்து கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரம் வரை ஏறும் கொடைக்கானல் சாலையிலும், நிறைந்த பாரத்தோடு தாழ்ந்த கியரில் மெதுவாக ஏறும் வண்டிக்கு உராய்வு மிகுந்து காற்றோட்டம் குறைவதால், ஆயிலின் வெப்பம் படிப்படியாக உயர்கிறது.

வெப்பம் மிகும்போது ஆயில் நீர்த்து, பற்களுக்கிடையே நிற்கவேண்டிய மெல்லிய படலம் அறுந்து, உலோகம் உலோகத்தைத் தேய்க்கிறது. மேலும், உயர்ந்த வெப்பநிலையில் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் ஆயில் ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கிறது என்பது பொறியாளர்கள் கைக்கொள்ளும் பொதுக் கணக்காகும். சாதாரண கனிம ஆயில் 100 டிகிரி வரை தாங்கும் என்றும், 120 டிகிரியைக் கடந்து நீடித்தால் எச்சரிக்கை தேவை என்றும் கொள்ளலாம். தானியங்கி கியர் கொண்ட வண்டிகளில் இச்சிக்கல் இன்னும் கடுமையானது. ஏனெனில், அவற்றில் எஞ்சினின் விசையைத் திரவத்தின் வழியே கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் என்னும் பாகம், ஏற்றத்தில் வழுக்கிச் சுழன்று பெருமளவு வெப்பத்தை உண்டாக்குகிறது.

வெப்பத்தைக் கண்காணிக்க எளிய வழிகள் உள்ளன. வெப்பம் ஏறும்போது மின்தடை குறையும் தெர்மிஸ்டர் என்னும் உணரியை, மெக்கானிக்கின் துணையோடு ஆயில் வடிக்கும் திருகின் இடத்தில் பொருத்தி, ஓட்டுநரின் எதிரே ஒரு காட்டியை அமைக்கலாம். அதற்கு வசதியில்லாதோர், வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்தியபின் அகச்சிவப்பு வெப்பமானியைப் பெட்டியின் அடிப்பகுதிக்கு நேராகக் காட்டி அளக்கலாம். பளபளக்கும் அலுமினியப் பரப்பு உண்மையைவிடக் குறைந்த அளவையே காட்டும் என்பதால், அளக்கும் இடத்தில் மங்கலான கறுப்பு வண்ணம் பூசிக்கொள்வது நன்று. ஆயில் மெதுவாகச் சூடாகி மெதுவாகவே ஆறும் ஆகையால், ஒருமுறை எடுத்த அளவைக் காட்டிலும், ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒரே இடத்தில் அளந்து குறித்துவைப்பதே பயன் தரும்.

வெப்பம் ஏறுவது தெரிந்தால் பாரத்தையும் வேகத்தையும் குறைத்து, இடையிடையே வண்டியை நிறுத்தி ஆறவிட வேண்டும். இறக்கத்தில் எரிபொருளை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்து நியூட்ரலில் உருட்டுவது பெருந்தவறு. பிரேக்கின் வலு குறைவதோடு, ஆயிலை மேலே வாரி இறைக்கும் தண்டும் ஓய்ந்து, சுழலும் பாகங்கள் உயவின்றித் தேய்கின்றன. மழைக்காலத்தில் டெல்டாச் சாலைகளில் தேங்கும் நீரில் சூடான கியர் பாக்ஸ் திடீரென மூழ்கினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, காற்றுத் துளையின் வழியே நீரை உறிஞ்சிக்கொள்ளும். அவ்வாறு நீர் கலந்த ஆயில் பால் போல் வெளுத்துத் தோன்றும், அதை உடனே மாற்றிவிட வேண்டும்.

கருகிய வாடை, கறுத்த ஆயில், கியர் விழுவதில் இறுக்கம், இரைச்சல் ஆகியவை தோன்றும் வேளையில் சேதம் பெரும்பாலும் தொடங்கியிருக்கும். ஆகவே பழைய வேனில் குடும்பத்தை ஏற்றிச் செல்வோர், மலையேறும் முன் தயாரிப்பாளர் குறித்த வகை ஆயில் சரியான அளவில் உள்ளதா எனப் பார்த்து, மலையேறும்போது அதன் வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு கியர் பாக்ஸைப் பிரித்துப் பழுதுபார்க்க ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஆயிலுக்கும் வெப்பமானிக்கும் ஆகும் செலவு மிகச் சிறியதே.