கொல்லையில் ஷட்டில் கோர்ட் போடப் போறீங்களா?

கோடை விடுமுறை நெருங்கும்போது புறநகர் வீடுகளில் இந்தப் பேச்சு வரும். "பின்னாடி இடம் சும்மாதானே கிடக்குது, பசங்களுக்கு ஒரு ஷட்டில் கோர்ட் போட்டுக் கொடுத்துடலாமே?" நல்ல யோசனைதான். ஆனால் மேஸ்திரியைக் கூப்பிடும் முன் ஒரு மணி நேரம் கைப்பேசியோடு உட்கார்ந்தால் பிறகு வரும் பல தொல்லைகளைத் தவிர்க்கலாம்.

முதலில் இடம் போதுமா என்று பாருங்கள். இரட்டையர் ஆடும் இறகுப்பந்துக் களத்தின் நீளம் 13.40 மீட்டர், அகலம் 6.10 மீட்டர். அடிக்கணக்கில் 44-க்கு 20. கோட்டுக்கு வெளியேயும் ஓடி அடிக்க இடம் வேண்டுமே. 50-க்கு 24 அடி இருந்தால் வீட்டு ஆட்டத்துக்கு ஓரளவு சமாளிக்கலாம். இதுவே 1,200 சதுர அடி, அதாவது சரியாக அரை கிரவுண்டு. ஒரு கிரவுண்டில் வீடு கட்டியவர்களுக்கு இது நடக்காது. அவர்கள் 10 அடி உயரத்தில் ஒரு கூடைப்பந்து வளையம் மாட்டினால் போதும், பிள்ளைகள் மகிழ்ந்துவிடுவார்கள். (நம்ம ஊர்ப் பூப்பந்து ஆட ஆசைப்படுபவர்களுக்கு: அதன் களம் 24 மீட்டருக்கு 12 மீட்டர். அதற்கு ஊர்த் திடல்தான் சரி.)

அடுத்தது எல்லை. வேலி இருக்கும் இடம்தான் எல்லை என்று நம்பிவிடாதீர்கள். என் உறவினர் ஒருவர் அப்படித்தான் நம்பினார். தளம் போட்டு, பச்சை வண்ணம் அடித்து, கோடும் போட்டாயிற்று. பக்கத்து மனைக்காரர் வீடு கட்ட வந்து அளந்தபோது, தளத்தின் ஒன்றரை அடி அவர் மனைக்குள் இருந்தது. நல்ல மனிதர், சண்டை போடவில்லை. ஆனாலும் மெஷின் வைத்துக் கான்கிரீட்டை அறுத்து எடுக்க வேண்டி வந்தது.

பட்டாவையும் புலப்படத்தையும் வருவாய்த் துறையின் நில ஆவண இணையதளத்தில் கைப்பேசியிலேயே பார்க்கலாம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு எண் கையில் இருக்கட்டும். நகர்ப்புறம் என்றால் வார்டு, பிளாக், நகர நில அளவை எண் கேட்கும். புலப்படத்தில் எல்லைக் கோடுகளின் நீளம் மீட்டரில் இருக்கும். டேப் வைத்து ஒப்பிடுங்கள். மனைப்பிரிவில் வாங்கி இன்னும் உட்பிரிவு ஆகாத மனை என்றால், அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தையும் கிரயப் பத்திரத்தையும் சேர்த்துப் பாருங்கள். கொஞ்சமும் சந்தேகம் இருந்தால் நில அளவைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். இணையத்திலேயே செய்யலாம், இ-சேவை மையத்திலும் செய்யலாம்.

இனி தண்ணீர். எல்லோரும் கோட்டை விடும் இடம் இதுதான். மண்ணாக இருக்கும் வரை கொல்லை மழையைக் குடித்துக்கொண்டே இருந்தது, நாம் கவனித்ததில்லை. 1,200 சதுர அடிக்குக் கான்கிரீட் போட்டதும் அத்தனையும் வழிந்தோடத் தொடங்குகிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் மழை கொட்டினால், அந்தத் தளத்தில் மட்டும் விழும் தண்ணீர் சுமார் 11,000 லிட்டர். கிட்டத்தட்ட ஒரு பெரிய தண்ணி லாரி! வழி வைக்காவிட்டால் அது சரிவைப் பார்த்துப் போகும். "சார், மழை பெய்ஞ்சா உங்க கோர்ட்டுத் தண்ணி எங்க சமையல்கட்டுப் பக்கம்தான் வருது" என்று பக்கத்து வீட்டம்மா வந்து நின்ற பிறகு தளத்தின் சரிவை மாற்ற முடியாது.

அதனால் தளம் போடும்போதே அகலவாக்கில் 24 அடிக்கு ஏறத்தாழ 3 அங்குலம் சரிவு கொடுக்கச் சொல்லுங்கள். சரிவு உங்கள் வீட்டுப் பக்கமும் வேண்டாம், பக்கத்து வீட்டுப் பக்கமும் வேண்டாம். தாழ்ந்த ஓரத்தில் நீளமாக ஒரு சிறு வடிகால், அதன் முடிவில் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய உறிஞ்சுகுழி. பழைய கிணறு இருந்தால் இன்னும் நல்லது, வடிகட்டித் தொட்டி வழியாக அதில் விடலாம். மழைநீர் சேகரிப்பு 2003-லிருந்தே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயம். வீட்டுக்கு ஏற்கெனவே உள்ள குழியைத் தளத்துக்கு அடியில் மூடிவிடாதீர்கள். செப்டிக் டேங்க் மூடியும் அப்படியே.

களிமண் நிலம் என்றால் மேல்மண்ணை எடுத்துவிட்டு கிராவல் கொட்டி நன்றாகக் கெட்டிப்படுத்த வேண்டும். அவசரப்பட்டால் முதல் கோடையிலேயே வெடிப்பு விடும். கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள் தண்ணீர் கட்டி வையுங்கள். களத்தின் நீளம் வடக்கு தெற்காக இருந்தால் மாலை வெயில் கண்ணில் அடிக்காது. இறகுப்பந்தின் எடை ஐந்து கிராம் அளவுதான், லேசான காற்றே அதைத் தள்ளிவிடும்.

காற்றுக்குப் பயந்து கூரை போடலாமா என்று சிலர் கேட்பார்கள். திறந்த தளமும் வலையும் வேறு. தூண் நட்டுத் தகரக் கூரை போடுவது வேறு. அனுமதி வாங்கிய வரைபடத்தில் காலியிடமாகக் காட்டிய பகுதியில் கூரை எழுப்புவதற்கு முன், உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சி அலுவலகத்தில் வரைபடத்தோடு போய்க் கேட்டுவிடுங்கள்.

விளக்குக் கம்பத்துக்கு எர்த் கட்டாயம், மின்கசிவைத் துண்டிக்கும் பிரேக்கரும் கட்டாயம். மழையில் நனைந்த கம்பத்தைப் பிள்ளைகள் தொடுவார்கள். தலைக்கு மேல் மின்கம்பி போனால் கம்பம் நடாமல் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேளுங்கள். மின்னகத்தை 94987 94987 எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம். வெளியாட்களிடம் மணிக்கு இவ்வளவு என்று வாங்கத் தொடங்கினால் அது வீட்டு உபயோகம் ஆகாது. வீட்டு இணைப்பிலேயே அதை ஓட்டாதீர்கள், மின் கட்டண வகை மாற வேண்டும்.

ஒலி விதிகளின்படி இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. அந்த நேரத்தில் குடியிருப்புப் பகுதிக்கான அளவு 45 டெசிபல்தான். சாதாரணப் பேச்சே அதைத் தாண்டும். ஒன்பதரைக்கு விளக்கை அணைத்துவிடுங்கள்; பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் ஆடக் கூப்பிட்டிருந்தால் ஒன்பதே முக்கால் வரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.