காயமுற்றோர் பராமரிப்பில் முதல் நிமிடங்கள்

2022ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் 4,61,312 விபத்துகள் நிகழ்ந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமுற்றனர். மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகம் வெளியிட்ட கணக்கு இது. கட்டடங்களிலிருந்து விழுவோர், ஆலைகளிலும் வயல்களிலும் இயந்திரங்களில் சிக்குவோர் இக்கணக்கில் சேரவில்லை. அவர்களையும் சேர்த்து நோக்கினால், காயங்களால் நேரும் இழப்பு எவ்வளவு பெரியது என்பது விளங்கும். இதில் பெரும் பங்கு உழைக்கும் வயதினரைச் சார்ந்ததாதலால், ஒவ்வொரு மரணமும் ஒரு குடும்பத்தின் வருவாயையும் உடன் கொண்டு செல்கிறது.

இறப்போரில் ஒரு பகுதியினர் காயத்தின் கடுமையால் விபத்து நிகழ்ந்த இடத்திலேயே மாள்கின்றனர். அவர்களைக் காக்க விபத்துத் தடுப்பு ஒன்றே வழி. மற்றொரு பகுதியினரோ மருத்துவமனை வாயிலை உயிருடன் அடைகின்றனர். அடைபட்ட மூச்சுப் பாதை, நெஞ்சினுள் தேங்கிய காற்று, நிறுத்தப்படாத குருதிப்போக்கு ஆகியன இவர்களது உயிரைப் பறிக்கக் கூடியவை. உரிய நேரத்தில் கண்டறிந்தால் இவற்றுள் பலவற்றை எளிய முறைகளாலேயே சமாளிக்கலாம். மாவட்ட, வட்ட மருத்துவமனைகளில், சிறப்பாக இரவு நேரங்களில், காயமுற்றவரை முதலில் அணுகுபவர் பெரும்பாலும் செவிலியரே. ஆகவே அவர் எதை முதலில் பார்க்கிறார் என்பது முக்கியமான கேள்வியாகிறது.

எது முதலில்?

ஒரு மருத்துவமனையின் விபத்துப் பிரிவுக்கு ஒரே வேளையில் இருவர் கொண்டுவரப்படுவதாகக் கொள்வோம். ஒருவருக்குக் கால் எலும்பு முறிந்து, அது தோலைக் கிழித்து வெளியே தெரிகிறது. அவர் வலி தாளாமல் கதறுகிறார். மற்றவர் உடம்பில் பெரிய காயம் ஏதும் புலப்படவில்லை. அவர் அமைதியாகப் படுத்திருக்கிறார். மூச்சுடன் மெல்லிய குறட்டை ஒலி கேட்கிறது. உறவினரும் ஊழியரும் கதறுபவரையே சூழ்ந்து கொள்வது இயல்பு. ஆனால், கதறுபவருக்கு அந்நேரத்தில் மூச்சுப் பாதை திறந்திருக்கிறது என்பதற்கு அக்கதறலே சான்று. மௌனமாக இருப்பவரின் நாக்கு பின்னோக்கிச் சரிந்து மூச்சுப் பாதையை அடைத்துக் கொண்டிருக்கலாம். சில நிமிடங்களில் அவர் இறந்துவிடக் கூடும்.

கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் காயமும் உயிரை விரைவில் பறிக்கும் காயமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. எது முதலில் உயிரைப் பறிக்குமோ அதையே முதலில் தேட வேண்டும் என்பதே காயமுற்றோர் பராமரிப்பின் அடிப்படை விதி.

இவ்விதி முறைப்படுத்தப்பட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. 1976ஆம் ஆண்டில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டிச் சென்ற சிறு விமானம் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் விழுந்து நொறுங்கியது. அவரது மனைவி இறந்தார், பிள்ளைகள் படுகாயமுற்றனர். முதலில் கிடைத்த சிகிச்சையின் குறைகளை நேரில் கண்ட அவர், சிறிய ஊர்களில் பணியாற்றுவோருக்கும் உரிய பயிற்சி வேண்டும் என வற்புறுத்தினார். 1978இல் முதற் பயிற்சி வகுப்பு நடந்தது. 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி அதனை ஏற்றுக் கொண்டது. ஆங்கில அகரவரிசையின் முதல் ஐந்து எழுத்துகளைக் கொண்டு நினைவில் வைக்கப்படும் அம்முறை இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

முதல்நிலைப் பரிசோதனை

கையுறை முதலிய தற்காப்புகளை அணிந்த பின், பீறிட்டு ஓடும் குருதி எங்கேனும் உள்ளதா என ஒரே பார்வையில் நோக்க வேண்டும். இருப்பின் வேறெதற்கும் காத்திராமல் துணியை வைத்து நேரடியாக அழுத்த வேண்டும். கை, கால்களில் அழுத்தத்திற்கும் அடங்காத குருதிப்போக்கு இருந்தால், காயத்திற்கு மேற்புறம் இறுக்குப் பட்டை கட்டி, கட்டிய நேரத்தைக் குறித்து வைப்பது அவசியம்.

அடுத்தது மூச்சுப் பாதை. "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்பதே இதற்குரிய எளிய சோதனை. தெளிவான விடை வருமானால் மூச்சுப் பாதை திறந்துள்ளது, மூச்சு ஓடுகிறது, மூளைக்குக் குருதி செல்கிறது என்ற மூன்றும் அப்போதைக்கு உறுதியாகின்றன. விடை வராவிடில் வாயினுள் இரத்தம், வாந்தி, உடைந்த பல் ஆகியன உள்ளனவா எனப் பார்த்து, உறிஞ்சு கருவியால் அகற்ற வேண்டும். கழுத்தெலும்பு முறிந்திருக்கக் கூடுமாதலால் தலையைப் பின்னோக்கிச் சாய்த்தல் கூடாது. தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக் கொண்டு, கீழ்த்தாடையை மட்டும் முன்னோக்கித் தள்ள வேண்டும்.

மூன்றாவது சுவாசம். மார்பு இருபுறமும் சமமாக உயர்கிறதா, நிமிடத்திற்கு எத்தனை முறை மூச்சு விடுகிறார் என்பவற்றைக் கவனிக்க வேண்டும். வயது வந்தோருக்கு 12 முதல் 20 வரை இயல்பான அளவாகும். ஒருபுறம் மூச்சொலி இல்லாமை, கழுத்து நரம்புகள் புடைத்தல், கடும் மூச்சுத் திணறல், நாடி தளர்தல் ஆகியன சேர்ந்து தோன்றினால், நெஞ்சினுள் காற்று தேங்கி நுரையீரலையும் இதயத்தையும் அழுத்துகிறது எனக் கொள்ளலாம். எக்ஸ்ரே படத்திற்காகக் காத்திருக்கும் நோய் அன்று இது. மருத்துவரை உடனே அழைத்து, காற்றை வெளியேற்ற ஏற்பாடு செய்தல் வேண்டும்.

நான்காவது குருதியோட்டம். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. இரத்த அழுத்தம் சரியாக இருக்கிறது என்று கண்டு ஆறுதல் கொள்வது பெரும் தவறாக முடியலாம். வயது வந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் குருதி உள்ளது. பொதுவாக அதில் 30 விழுக்காட்டிற்கு மேல் இழந்த பின்னரே மேல்நிலை இரத்த அழுத்தம் தெளிவாகக் குறைகிறது. அதற்கு முன்னரே நாடி விரைகிறது. தோல் வெளிறிக் குளிர்கிறது. நோயாளி அமைதியிழந்து தவிக்கிறார். நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு நிறம் திரும்ப 2 விநாடிக்கு மேலாகிறது. குழந்தைகளிடம் இரத்த அழுத்தம் இன்னும் நெடுநேரம் நிலைத்திருந்து, பின் திடீரெனச் சரியும். வெளியே குருதி தெரியாவிடினும் மார்பு, வயிறு, இடுப்பெலும்புக் கூடு, தொடை ஆகிய இடங்களில் உட்கசிவு நேரலாம். தொடையெலும்பு முறிவு ஒன்றே 1 லிட்டருக்கு மேற்பட்ட குருதியை உள்ளேயே தேக்கிவிடக் கூடும். இரு பெரிய ஊசிகளைச் சிரைகளில் செருகுதல், குருதி வகை காண மாதிரி எடுத்தல், இரத்த வங்கிக்குத் தகவல் அனுப்புதல் ஆகியவை இக்கட்டத்தில் செவிலியரின் பணிகள்.

குருதி உறைய உதவும் டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்தும் இங்கு குறிப்பிடத் தக்கது. இந்தியா உள்ளிட்ட 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2010இல் முடிவு வெளியான ஆய்வு, இம்மருந்து இறப்பைக் குறைப்பதை மெய்ப்பித்தது. ஆனால், காயமுற்ற 3 மணி நேரத்திற்குள் கொடுத்தல் வேண்டும். ஆதலால் விபத்து நிகழ்ந்த நேரத்தைக் கேட்டு எழுதி வைப்பது வெறும் அலுவலக நடைமுறை அன்று. சிகிச்சையின் ஒரு பகுதியே ஆகும்.

ஐந்தாவது உணர்வு நிலை. 1974இல் டீஸ்டேல், ஜென்னட் ஆகிய மருத்துவர்கள் வகுத்த கிளாஸ்கோ அளவுகோல் இதற்குப் பயன்படுகிறது. கண் திறத்தலுக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15 மதிப்பெண்கள். மிகக் குறைந்தது 3. மதிப்பெண் 8 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் மூச்சுப் பாதையை நோயாளியால் தாமே காத்துக் கொள்ள இயலாது எனக் கருத வேண்டும். கண்மணிகள் இரண்டும் சம அளவில் உள்ளனவா, ஒளிக்குச் சுருங்குகின்றனவா என்பதையும் நோக்க வேண்டும். மயக்கத்தை மதுவின் விளைவென எளிதில் ஒதுக்கிவிடலாகாது. மது அருந்தியவருக்கும் தலையில் காயம் நேரும். சர்க்கரை குறைந்தும் மயக்கம் வரும்.

இறுதியாக, உடைகளை அகற்றி, முதுகுப்புறம் உட்பட உடல் முழுவதையும் பார்த்து, உடனே கம்பளியால் போர்த்த வேண்டும். உடல் குளிர்ந்தால் குருதி உறைவது தடைப்படும். நோயாளியின் மானத்தைக் காப்பதும் செவிலியரின் கடமையே.

ஒருமுறை பார்த்தால் போதாது

மேற்கூறிய பரிசோதனை சில நிமிடங்களில் முடிவது. குறை ஒன்று காணப்பட்டால் அதனைச் சரிசெய்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். நிலை மாறினால் மீண்டும் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டும். நாடி 96ஆக இருந்தது என்ற தனிக் குறிப்பு அதிகம் சொல்வதில்லை. கால் மணிக்கொரு முறை 96, 110, 124 என்று எழுதப்பட்ட வரிசையோ உட்கசிவை அறிவித்துவிடும். உயிருக்கான ஆபத்து நீங்கிய பின்பே தலை முதல் கால் வரையிலான இரண்டாம் பரிசோதனையும், ஒவ்வாமை, உட்கொண்ட மருந்துகள், முந்தைய நோய்கள், கருவுற்றிருத்தல், கடைசியாக உண்ட நேரம் ஆகியவை பற்றிய விசாரணையும் நடைபெற வேண்டும்.

சட்டமும் நிர்வாகமும்

காவல்துறை வரும்வரை சிகிச்சை தொடங்கக் கூடாது என்ற தவறான எண்ணம் முன்பு பரவியிருந்தது. பர்மானந்த் கட்டாரா வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் இதனைத் தெளிவுபடுத்தியது. உயிர் காப்பதே முதற்கடமை; சட்ட நடைமுறைகள் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது. விபத்துக்குள்ளானவருக்கு நல்லெண்ணத்துடன் உதவுவோருக்கு 2019ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் பாதுகாப்பு அளிக்கிறது. காயமுற்ற முதல் ஒரு மணி நேரத்தின் சிறப்பையும் அச்சட்டம் வரையறுத்துள்ளது. சாலை விபத்தில் காயமுற்றோருக்கு ரூ. 1.5 லட்சம் வரை, 7 நாட்களுக்குக் கட்டணமின்றிச் சிகிச்சை அளிக்கும் திட்டம் 2025இல் அறிவிக்கையாயிற்று.

சட்டம் கதவைத் திறக்கிறது; உள்ளே வருபவரைக் காப்பது பயிற்சியும் ஏற்பாடுமே. இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. பிராணவாயு, உறிஞ்சு கருவி, கழுத்துப் பட்டை, இறுக்குப் பட்டை, கம்பளி ஆகியவை ஒரே இடத்தில் இருக்கின்றனவா என ஒவ்வொரு பணிமுறை மாற்றத்தின்போதும் சரிபார்த்தல் வேண்டும். மருத்துவர் வருமுன் செவிலியர் எவற்றைத் தாமே செய்யலாம் என்பதற்கு எழுத்து மூலமான நிலையாணை வேண்டும். ஆண்டுக்கொருமுறை வகுப்பில் கேட்பதோடு நில்லாமல், மாதந்தோறும் ஒத்திகை பார்க்க வேண்டும். இரவுப் பணியில் விபத்துப் பிரிவுக்கெனப் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரேனும் இருத்தல் வேண்டும்.

நகரத்துச் சிறப்பு மருத்துவமனையில் உள்ள உயர் கருவிகள் யாவும், அங்கு உயிருடன் வந்து சேர்பவருக்கே பயன்படும். அவரை அங்கு சேர்ப்பது, வழியிலுள்ள சிறிய மருத்துவமனையில் ஒரு செவிலியர் வரிசை தவறாமல் செய்த முதற் பரிசோதனையே ஆகும். அவ்வரிசையை அறிந்த செவிலியரும், அதனைக் கடைப்பிடிக்க வசதி செய்து தரும் நிர்வாகமும் ஒவ்வொரு மாவட்டத்திலும் அமைவது இன்றைய இன்றியமையாத தேவையாகும்.