மடக்கினால் ஸ்லேட்டு, விரித்தால் கணிப்பொறி!

"ஆழம் தெரியாமல் காலை விடாதே" என்பது பெரியோர் வாக்கு. புதிய கணிப்பொறி வாங்கத் துடிக்கும் நண்பர்களுக்கும் இது பொருந்தும்!

எங்கள் பள்ளிபாளையம் பக்கம் பல வீடுகளில் மடிக்கணினி நுழைந்ததே, 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லாமல் வழங்கத் தொடங்கிய பிறகுதான். மறு ஆண்டே, திரையை 360 டிகிரி பின்னால் மடக்கும் 'யோகா' மாடலை லெனோவோ நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பல நிறுவனங்கள் இவ்வகையைச் செய்கின்றன. சென்ற விடுமுறையில் பெரியப்பா மகன் அண்ணன் ஓசூரிலிருந்து அப்படி ஒன்றைக் கொண்டு வந்தார். ஒரு வாரம் என்னிடம் இருந்தது. "படிப்புக்குன்னா தோட்ட வெச்சு வாங்கித் தர்றேன் கண்ணு" என்று அம்மா சொல்லிவிட்டதால், விளையாட்டாகப் பார்க்க மனம் வரவில்லை.

எடை: மளிகைக் கடைத் தராசில் 1 கிலோ 300 கிராம். சார்ஜர் தனியாக 300 கிராம். பஸ்ஸில் நின்றுகொண்டே வரும் நமக்கு இது வரம்! ஆனால் ஸ்லேட்டு போல ஒரு கையில் பிடித்தால் பத்து நிமிடத்தில் மணிக்கட்டு வலிக்கிறது.

தொடுதிரை: கண்ணாடிக்கு அடியில் கண்ணுக்குத் தெரியாத மின்கடத்தும் பூச்சு உண்டு. விரல் பட்ட இடத்தில் மின்தேக்குத் திறன் மாறும்; அதை வைத்தே இடத்தைக் கண்டுபிடிக்கிறது. ஈர விரலென்றால் தடுமாறும். பேனாவால் கணக்குப் போட, ஸ்கெட்ச் போட அருமை. ஆட்டோகேடுக்கு மட்டும் மவுஸ்தான் சரி.

கீல்: இதன் உயிரே இங்கேதான். தொட்டால் திரை ஆடக்கூடாது. அதே சமயம் சுலபமாகத் திறக்கவும் வேண்டும். கடையிலேயே பத்து முறை மடக்கிப் பாருங்கள்.

பேட்டரி: 50 வாட்-மணி பேட்டரி, 10 வாட் செலவு என்றால் 5 மணி நேரம். இந்த வகுத்தலை நீங்களே போடுங்கள்.

தறி ஓட்டும் அப்பா ஒரே கேள்விதான் கேட்டார்: "கெட்டுப்போனா தறி மாதிரி நாமளே கழட்டி மாட்டிக்கலாமா கண்ணு?"

அங்கேதான் எனக்குப் பதில் வரவில்லை. மெலிதாக்குவதற்காகப் பல மாடல்களில் ராமை போர்டிலேயே பற்றவைத்து விடுகிறார்கள். பிறகு கூட்ட முடியாது. தொடுகண்ணாடியும் திரையும் ஒன்றாக ஒட்டியிருந்தால், ஒரு விரிசலுக்கு முழுத் திரையையே மாற்ற வேண்டும்.

அண்ணனிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ராம் கூட்டக்கூடிய சாதாரண மடிக்கணினி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். பகுதிநேர வேலைப் பணம் சேர்ந்ததும் வாங்குவேன். தோடு அம்மா காதிலேயே இருக்கிறது.

நண்பர்களே, கடைக்குப் போனால் அப்பா கேட்ட கேள்வியை நீங்களும் மறக்காமல் கேளுங்கள்!