படம் கீறப் போகும் பிள்ளைக்கு எவ்வளவு முடியும்?

உயர்தரப் பரீட்சையில் சித்திரப் பாடத்துக்கு ஏ சித்தி எடுத்த பிள்ளையின் வீட்டில், "படம் கீறிப் படிச்சி என்ன செய்யப் போறா?" என்பதுதான் முன்பெல்லாம் முதல் கேள்வி. அது மெல்ல மாறி வருகின்றது. நகை வடிவமைப்பு, ஆடை வடிவமைப்பு, அனிமேஷன், நூல் வடிவமைப்பு என்று கைத்தொழிலாகவும் கலையாகவும் நிற்கும் துறைகள் இன்று நம் கண்முன் இருக்கின்றன. ஆகவே இப்போது எழும் கேள்வி வேறு: "வெளிநாட்டுக்கு அனுப்பினா எவ்வளவு முடியும்?"

இக்கேள்விக்கு முகவர் நிலையங்கள் தரும் விடை பெரும்பாலும் ஒரேயொரு தொகையாக, அதாவது கல்லூரிக் கட்டணமாக இருக்கும். கலைக் கல்லூரியைத் தெரிவு செய்வோருக்கு அந்தத் தொகை மட்டும் போதாது. கட்டணமே இல்லாத கல்லூரி கைக்கு எட்டாமல் போவதுண்டு. கட்டணம் உள்ள கல்லூரி முழுப் புலமைப்பரிசிலோடு மலிவாய் முடிவதும் உண்டு. இதைவிட முக்கியமானது, கலை மாணவனின் மூலதனம் நேரம் என்பதாகும். ஒரு நகரத்தின் வாழ்க்கைச் செலவு அந்த நேரத்தை எவ்வளவு தின்கின்றது என்பதைக் கொண்டே கல்லூரியைத் தெரிவு செய்ய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

மூன்று வகைக் காசு

வெளிநாட்டுக் கல்விக்கு வேண்டிய காசை மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது கல்லூரிக்குக் கட்டும் காசு. இரண்டாவது விசாவுக்காக வங்கியில் காட்ட வேண்டிய காசு. மூன்றாவது அங்கே மாதாமாதம் உண்ணவும் உறங்கவும் செலவாகும் காசு. கலை மாணவருக்கு நான்காவதாக ஒன்றும் சேரும். அது வர்ணம், துணி, களிமண், உலோகம், அச்சுக்கூலி என்ற மூலப்பொருட் செலவு.

இந்தக் கணக்கைப் போடுமுன் நமது நாட்டையும் தராசின் ஒரு தட்டில் வைக்க வேண்டும். கொழும்பிலுள்ள கட்புல, ஆற்றுகைக் கலைகள் பல்கலைக்கழகத்திலும், மட்டக்களப்பு விபுலாநந்தா அழகியல் கற்கைகள் நிறுவகத்திலும், யாழ்ப்பாணம் இராமநாதன் நுண்கலைப் பகுதியிலும் முதற்பட்டம் இலவசம். இங்கே முதற்பட்டம் முடித்து, மேற்பட்டத்துக்கு மட்டும் வெளியே போவது பல குடும்பங்களுக்குப் பொருத்தமான வழி. மூன்று நான்கு வருடச் செலவு ஒன்றிரண்டு வருடமாகக் குறைந்து விடும்.

இலண்டன்: பெயரும் விலையும்

கலைக் கல்லூரி என்றதும் பலர் சொல்லும் பெயர் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ். அது அங்கமாக உள்ள இலண்டன் கலைப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவரின் முதற்பட்டக் கட்டணம் ஆண்டுக்கு 28 ஆயிரம் பவுணைத் தாண்டும். அதற்கு மேல், 2025 ஜனவரியில் வந்த விதிப்படி, இலண்டனில் படிப்போர் மாதத்துக்கு 1,483 பவுண் வீதம் ஒன்பது மாதத்துக்கு 13,347 பவுண் வங்கியில் இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது. இலண்டனுக்கு வெளியே என்றால் மாதம் 1,136 பவுணாக இருந்தது. தேசிய சுகாதாரச் சேவைக்கென ஆண்டுக்கு 776 பவுணும் விசா விண்ணப்பத்தோடே கட்டியாக வேண்டும்.

"போனாப் பாத்துக்கலாம், பார்ட் டைம் வேலை செய்யலாம்" என்பது நம்மவர் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். கணக்கைப் பார்ப்போம். பட்டப்படிப்பு மாணவருக்குத் தவணைக் காலத்தில் வாரம் 20 மணித்தியால வேலைக்கே அனுமதி உண்டு. 18 முதல் 20 வயது வரையானவருக்கு 2025 ஏப்ரலில் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10 பவுணாக இருந்தது. முழு 20 மணித்தியாலமும் உழைத்தாலும் வாரத்துக்கு 200 பவுண்தான். மாதத்துக்கு ஏறத்தாழ 870 பவுண். அரசாங்கமே அந்த ஆண்டு தேவையென்று கணக்கிட்ட 1,483 பவுணுக்கு இன்னும் 600 பவுண் துண்டு விழுந்தது. கட்டணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

இன்னொன்றையும் பலர் அறிவதில்லை. பிரித்தானிய மாணவர் விசாவில் சுயதொழில் செய்ய அனுமதி இல்லை. கடைக்குப் போய்க் கோப்பை கழுவலாம். ஆனால் ஒருவருக்குப் பெயர்ப்பலகை வடிவமைத்துக் கொடுத்துக் காசு வாங்குவதும், தான் கீறிய படங்களை வியாபாரமாக விற்பதும் சுயதொழிலாகி விசா விதியை மீறும். "புள்ள படம் வித்துச் சமாளிச்சிக்கும்" என்று நம்பி அனுப்புவது ஆபத்து.

காட்டும் காசு பற்றியும் ஒரு சொல். அந்தத் தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காக வட்டிக்குக் காசெடுத்து அந்த நாட்களுக்கு மட்டும் கணக்கில் வைப்போர் இருக்கின்றார்கள். வட்டி ஹராம் என்பது ஒரு பக்கம். பொய்யான ஆதாரம் பிடிபட்டால் பத்து வருடம் வரை நுழைவுத் தடை வரலாம் என்பது இன்னொரு பக்கம். பிடிபடாவிட்டாலும், 29ஆம் நாள் காசு கைமாறிப் போன பிறகு பிள்ளை இலண்டனில் எதைச் சாப்பிடும்? அந்தத் தொகை விசா அதிகாரிக்காக மட்டும் போட்ட கணக்கல்ல. ஒன்பது மாதம் உயிர்வாழ வேண்டிய காசு அது.

ஜேர்மனி: கட்டணம் இல்லை, செலவு உண்டு

ஜேர்மனியின் அரச கலைக் கல்லூரிகள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் அறவிடுவதில்லை. தவணைக்கு ஒரு சிறு தொகை மட்டுமே. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்றூவே ஆகிய நகரங்கள் உள்ள பாடன்-வூர்ட்டெம்பேர்க் மாநிலம் விதிவிலக்கு. 2017 முதல் அங்கே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் தவணைக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும்.

ஆனால் விசாவுக்கு முன் ஒரு முடக்கக் கணக்கைத் திறந்து, 2024 செப்டம்பர் முதல் உள்ள விதிப்படி, ஒரு வருடத்துக்கு 11,904 யூரோ வைப்பிலிட வேண்டும். மாதம் 992 யூரோ வீதமே அதிலிருந்து எடுக்கலாம். இது கல்லூரி தின்னும் காசு அல்ல, பிள்ளை உண்ணும் காசு. நான்கு வருடத்துக்கு இதே அளவில் கணக்கிட்டால் 47,616 யூரோ. 'இலவசக் கல்வி'யின் விலை இதுதான்.

இங்கே நகரம் முக்கியமாகின்றது. முடக்கக் கணக்கின் தொகை எந்த நகரத்துக்கும் ஒன்றே. ஆனால் மியூனிக்கில் வாடகை நாட்டிலேயே மிகக் கூடியது. கிழக்கேயுள்ள ஹாலே போன்ற நகரங்களில் வாடகை வெகு குறைவு. அதே 992 யூரோ ஓரிடத்தில் அறைக்கே பெரும்பாலும் போய்விடும், மற்றோரிடத்தில் வர்ணம் வாங்கவும் மிஞ்சும். ஹாலேயிலுள்ள பூர்க் கீபிஹென்ஸ்டைன் கல்லூரி கண்ணாடி, மட்பாண்டம், நெசவு, நகை ஆகியவற்றுக்குப் பேர் பெற்றது. பேருவளைச் சீனன்கோட்டை மாணிக்க வியாபாரிகளுக்கு இடார்-ஓபர்ஸ்டைன் என்ற ஊர்ப் பெயர் புதிதல்ல. இரத்தினக்கல் வெட்டுக்கும் வியாபாரத்துக்கும் பேர்போன அந்தச் சிற்றூரில், ட்ரியர் உயர்கல்லூரியின் இரத்தினக்கல்-நகைக் கலைப் பிரிவு இயங்குகின்றது. கல்லை அறிந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இலண்டனைவிட அந்தச் சிற்றூர் அதிகம் கற்றுத் தரலாம்.

ஜேர்மனியில் மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாட்கள் வேலை செய்யலாம். 2025இன் குறைந்தபட்சக் கூலியான மணிக்கு 12.82 யூரோப்படி பார்த்தால் மாதச் செலவு தேறிவிடும். ஆனால் வருடத்தின் வேலை நாட்களே சுமார் 250தான். அதில் 140 நாள் உணவகத்திலும் களஞ்சியத்திலும் கழிந்தால் கீறுவது எப்போது? அத்தோடு ஜேர்மன் மொழி கற்கும் காலத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அனுமதியும் பரீட்சைப் புள்ளியை மட்டும் பார்த்துக் கிடைப்பதில்லை. தன் படைப்புகளின் கோவையைக் காட்டித் திறமைத் தேர்வில் தேற வேண்டும்.

லாகூர், பரோடா, இஸ்தான்புல்

மேற்கை மட்டும் பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத வாசல்கள் அருகிலேயே உண்டு. லாகூர் தேசிய கலைக் கல்லூரி 1875இல் மேயோ கைத்தொழிற் கலைப் பாடசாலையாகத் தொடங்கியது. முதல் அதிபர் ஜோன் லொக்வூட் கிப்ளிங், எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங்கின் தந்தை. 1958இல் இன்றைய பெயர் பெற்றது. முகலாயர் கால நுண்ணோவியத்தைப் பட்டப்படிப்பாகக் கற்பிப்பது இதன் சிறப்பு. அங்கே படித்த ஷாஸியா சிக்கந்தர் 2006இல் அமெரிக்காவின் மக்ஆர்தர் விருது பெற்றார். இம்ரான் குறைஷி 2013இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தின் மேல்மாடியில் தன் ஓவியத்தை விரித்தார். இந்தக் கலைக்கு வேண்டியவை ஒட்டித் தட்டிய வஸ்லிக் காகிதம், அணில் மயிர்த் தூரிகை, அரைத்த வர்ணம். சாமான் அதிகமில்லை. நேரமோ மலையளவு வேண்டும். வாழ்க்கைச் செலவு தாங்கக்கூடிய நகரத்தில்தான் அந்த நேரம் கிடைக்கும். பாகிஸ்தான் உயர்கல்வி ஆணைக்குழு இலங்கையருக்கென அல்லாமா இக்பால் புலமைப்பரிசிலையும் நடத்தி வந்துள்ளது. நுண்கலை அதில் அடங்குகின்றதா என்பதை அந்தந்த ஆண்டின் அறிவித்தலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் பீடம் 1950இல் தொடங்கியது. கராச்சியில் பிறந்து இலண்டனில் படித்த நஸ்றீன் மொஹமெதி 1972 முதல் 1990இல் மறையும் வரை அங்கேதான் கற்பித்தார். உருவம் இல்லாமல் கோடுகளாலேயே ஓர் உலகைக் கட்டியவர் அவர். சாந்திநிகேதன் கலா பவனம் அதைவிடப் பழையது, 1919இல் எழுந்தது. கொழும்பு இந்திய உயர்ஸ்தானிகராலயம் ஊடாக முதற்பட்டத்துக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசிலும், மேற்பட்டத்துக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலும் கிடைக்கின்றன. இந்திய மாணவர் விசாவில் வேலை செய்ய முடியாது என்பதால் முழுச் செலவும் முன்கூட்டியே கையில் இருக்க வேண்டும். சில இந்திய நகரங்களில் முஸ்லிம் பெயருக்கு வாடகை அறை எடுப்பது சிரமம். ஆகவே கல்லூரி விடுதியில் இடம் உறுதியான பிறகே புறப்படுவது நல்லது.

இஸ்தான்புல் மிமார் சினான் நுண்கலைப் பல்கலைக்கழகம் 1882இல் உஸ்மான் ஹம்தி பே நிறுவிய பாடசாலையின் தொடர்ச்சி. அரபு எழுத்தணி, தங்கப்பூச்சு அலங்காரம், ஓட்டுக்கலை, கம்பளம் ஆகியவற்றை அங்கே மரபுக் கலைப் பிரிவில் கற்கலாம். துருக்கி அரசின் புலமைப்பரிசில் கட்டணம், விடுதி, மாத உதவித்தொகை, ஒரு வருட மொழிப் பயிற்சி, விமானச் சீட்டு அனைத்தையும் தாங்கும். ஆனால் 2022 ஒக்டோபரில் அந்நாட்டுப் பணவீக்கம் உத்தியோகபூர்வமாகவே 85 வீதத்தைத் தாண்டியது. போன வருடம் போனவர் சொன்ன செலவை நம்பி இந்த வருடம் போக முடியாது.

எங்கள் ரூபா

நாமும் அந்தப் பாடத்தைக் கற்றிருக்கின்றோம். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. பிள்ளையை வெளிநாட்டில் வைத்திருந்த வாப்பாமாருக்கு, கட்டணத்தில் ஒரு சதமும் கூடாமலே செலவு ஏறக்குறைய இரட்டிப்பானது. முதல் வருடத்துக்கு மட்டும் காசைத் திரட்டிக்கொண்டு போவது எவ்வளவு அபாயம் என்பதை இது காட்டியது. அந்தந்த நாட்டுக் காசிலேயே மாதாமாதம் கிடைக்கும் புலமைப்பரிசில் இதற்கு நல்ல காப்பு.

கடன் பற்றிய விடயம் இன்னும் கூர்மையானது. வட்டிக் கடன் நமக்கு ஆகாது. காணியை விற்பதும் நகையை அடகு வைப்பதுமே மிஞ்சுகின்றன. மருத்துவம் படிக்கும் பிள்ளைக்குக் கைகொடுக்கும் ஊர், சித்திரம் படிக்கும் பிள்ளையைக் கண்டால் தயங்குகின்றது. நமது பள்ளிவாசல் முகப்புகளும் நூல் அட்டைகளும் பாடநூற் படங்களும் யார் கையால் ஆக வேண்டும் என்று யோசித்தால் இந்தத் தயக்கம் நீங்கும். ஊர் நிதியங்கள் கலை மாணவருக்கும் அழகிய கடன், கர்ழ் ஹஸன், வழங்க முன்வர வேண்டும்.

கையொப்பம் வைக்கு முன் கேட்க வேண்டியவை

கல்லூரியிடம் நேரடியாக எழுதிக் கேளுங்கள். மாணவருக்கென்று தனி வேலைமேசை உண்டா? கூடம் இரவில் எத்தனை மணி வரை திறந்திருக்கும்? சூளை, அச்சு இயந்திரம், தறி ஆகியவற்றுக்குத் தனிக் காசா? முதல் வருட மாணவருக்கு விடுதி உறுதியா? வீட்டில் சிறு அறை இருந்தாலும் கல்லூரிக் கூடம் நள்ளிரவு வரை திறந்திருந்தால் பெரிய வாடகை தேவையில்லை.

ஆடையற்ற உருவத்தைப் பார்த்து வரைவது நுண்கலைப் பாடநெறிகள் பலவற்றில் ஒரு பகுதி. அது கட்டாயமா, மாற்றுப் பயிற்சி உண்டா என்பதையும் வெட்கப்படாமல் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். நகை, மட்பாண்டம், நெசவு, எழுத்துரு வடிவமைப்பு போன்ற பிரிவுகளில் இப்பிரச்சினை குறைவு.

கடைசியாக ஒரு கணக்கு. மாதச் செலவிலிருந்து வீட்டாரும் புலமைப்பரிசிலும் தருவதைக் கழியுங்கள். மிஞ்சுவதை அந்நாட்டு மணிக்கூலியால் வகுங்கள். பிள்ளை மாதத்துக்கு எத்தனை மணித்தியாலம் தூரிகையைக் கீழே வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். இரண்டு கல்லூரிகளுக்கிடையே தடுமாறும்போது, எதில் அந்த எண் சிறியதோ அதைத் தெரிவு செய்யுங்கள்.